திண்டிவனத்து வின்செஸ்டர்

சென்ற மாசியில் ஒருநாள் திண்டிவனத்திலிருந்து என் கணக்கு வாத்தியார் போன் செய்தார். அவருக்கு எண்பத்திரண்டு வயது. பள்ளிக்கூடத்தை விட்டு நாற்பது வருடம் ஆனபிறகும் எனக்கு அவர் சார்தான். "தம்பி, எங்கப்பா ரைபிள் ஒண்ணு இருக்கில்ல, அத நீ எடுத்துக்கிறியா? எனக்கு இனிமே தூக்கிக்கிட்டு அலைய முடியாது" என்றார். விலையை நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். விழுப்புரத்தில் ஓரளவு நல்ல நிலையில் உள்ள ஒரு பழைய கார் வாங்கிவிடலாம். "ஏன் இந்த விலைன்னு உனக்கே தெரியும்" என்று சேர்த்துக்கொண்டார். எனக்குத் தெரியும். அந்த ரைபிளுக்கு ஒரு கதை உண்டு. என் வகுப்பில் படித்த எல்லோருக்கும் அந்தக் கதை தெரியும்.

துப்பாக்கி வாங்குவது மாடு வாங்குவதுபோல அல்ல. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, தன் சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் துப்பாக்கியை ஒருவர் இன்னொருவருக்கு விற்கலாம், வாங்குபவருக்கு அதை வைத்திருக்க உரிமை இருந்தால். விற்கப்போவதாக முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவித்து 45 நாள் கழிந்தபிறகே பொருள் கைமாறலாம். என்னிடம் அப்பா வழியில் வந்த ஒரு பன்னிரண்டு போர் ஒற்றைக்குழல் இருக்கிறது. மல்லாட்டைக் கொல்லையில் பன்றி இறங்கினால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி போடுவதற்கு. முன்பு ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்திருக்கலாம். 2019 டிசம்பரில் வந்த திருத்தம் அதை இரண்டாகக் குறைத்துவிட்டது. ஆக, சாருடைய ரைபிளை எடுத்துக்கொண்டால் என் கணக்கு முடிந்தது. வாழ்நாளில் இன்னொன்று கிடையாது.

"ரெண்டு வாரம் டைம் குடுங்க சார்" என்றேன்.

"எடுத்துக்கோ. நூறு வருஷமா இருக்கு, ரெண்டு வாரத்துல எங்க போயிடப் போவுது" என்றார்.

*

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். அது வின்செஸ்டர் கம்பெனியின் 1895 மாடல். லீவர் ரைபிள். நம் ஊரில் உரிமம் வைத்திருப்பவர்களில் பெரும்பாலானோர் இந்த வகையைச் சினிமாவில்தான் பார்த்திருப்பார்கள். கௌபாய் படத்தில் குதிரைமேல் இருப்பவன் விசைக்குக் கீழே இருக்கும் வளையத்தைப் படக்கென்று கீழே தள்ளி மேலே இழுப்பானே, அதுதான் லீவர். கீழே தள்ளும்போது சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே தெறிக்கும், சுத்தியல் பின்னுக்குப் போய் நிற்கும். மேலே இழுக்கும்போது அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறும். கை விசையை விட்டு அதிக தூரம் போக வேண்டியதில்லை. அதனால் வேகம்.

சினிமாவில் வரும் லீவர் ரைபிள்களுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அவற்றில் தோட்டாக்கள் குழலுக்கு அடியில் ஓடும் இன்னொரு குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். ஒன்றின் மூக்கு முன்னால் இருப்பதன் பின்புறத்தில், அதாவது வெடிமருந்தைப் பற்றவைக்கும் இடத்தில், முட்டிக்கொண்டிருக்கும். கூர்முனைத் தோட்டா போட்டால் அதிர்ச்சியில் உள்ளேயே வெடிக்கும் அபாயம் உண்டு. ஆகவே மொட்டை முனைத் தோட்டாதான் போட முடியும். 1895 மாடலில் குழாயை எடுத்துவிட்டு, விசைக்கு முன்னால் பெட்டி வைத்தார்கள். தோட்டாக்கள் அதில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிற்கும். புதிய காலத்தின் புகையில்லா வெடிமருந்துக்கும், நீண்ட வலுவான தோட்டாக்களுக்கும் ஏற்ற லீவர் ரைபிள் அப்படித்தான் வந்தது. வடிவமைத்தவர் ஜான் மோசஸ் பிரௌனிங். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

சாரிடம் இருப்பது .405 தோட்டாவுக்கானது. 1904இல் வந்த தோட்டா அது. 300 கிரெயின் குண்டு, அதாவது ஏறத்தாழ பத்தொன்பதரை கிராம், நொடிக்குச் சுமார் 2,200 அடி வேகம். தியடோர் ரூஸ்வெல்ட் 1909இல் ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போனபோது சிங்கத்துக்கென்று எடுத்துப்போனது இதைத்தான். நமக்கு இன்னும் நெருக்கமான ஆள் கென்னத் ஆண்டர்சன். 1910இல் பிறந்து 1974இல் இறந்த பெங்களூர்க்காரர். ஜவளகிரி, பென்னாகரம், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளையும் சிறுத்தைகளையும் தேடி அலைந்து எழுதியவர். அவருடைய ரைபிள் இதே .405 வின்செஸ்டர். 1954இல் வந்த அவருடைய முதல் புத்தகத்தை நான் விழுப்புரம் நூலகத்தில் பதினாலு வயதில் படித்தேன். பரண்மேல் உட்கார்ந்து இருட்டில் காத்திருக்கும் அந்த மனிதனின் மடியில் கிடந்த ரைபிளின் எண் மனதில் ஒட்டிக்கொண்டது.

பிறகு ஒருநாள் சார் வீட்டில் தோல் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே அதே எண். அதுவும் இரண்டாகக் கழற்றும் வகை. குழலை ஒரு திருப்பு திருப்பினால் முன்பாதி தனியாக, பின்பாதி தனியாக வந்துவிடும். இரண்டையும் பக்கம்பக்கமாக வைத்தால் ஹார்மோனியப் பெட்டி நீளத்துக்கு அடங்கிவிடும். 1895 மாடலே இந்தியாவில் அரிது. அதில் கழற்றும் வகை இன்னும் அரிது. நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

*

இப்போது கதை. சார் அதைச் சொல்லும் விதமே தனி. சுண்ணக்கட்டியை மேசைமேல் வைத்துவிட்டு, கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார். "1911. பாண்டிச்சேரி. வ.வே.சு. ஐயர் கரடிக்குப்பத்துல பசங்களுக்குச் சுடச் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருக்காரு. வாஞ்சி அங்கதான் கத்துக்கிட்டான். ஆஷ் செத்த பிறகு போலீசு வலைபோட்டுத் தேடுது. அப்ப அங்கிருந்து ஒரு பெட்டி ராத்திரியோட ராத்திரியா மாட்டு வண்டியில எங்க ஊருக்கு வருது. எங்க அப்பா அத வைக்கப்போருக்குள்ள மறைச்சாரு. அந்தப் பெட்டிதான் இது."

எங்கள் வகுப்பில் நாற்பது பேர் வாயைப் பிளந்து கேட்டோம். இன்றைக்கும் எங்கள் வாட்ஸப் குழுவில் ஆகஸ்ட் பதினைந்துக்கு யாராவது ஒருவர் அதை எழுதுவார். சார் சொன்ன விலை இந்தக் கதைக்கான விலை. எனக்கும் கதைமேல்தான் ஆசை. இல்லையென்று சொன்னால் பொய்.

ஆனால் காசு கொடுத்து வாங்கப்போகிறவன் ஒருதரமாவது கதையைத் தட்டிப் பார்க்கத்தான் வேண்டும். பானை வாங்கும்போதுகூடத் தட்டித்தானே பார்க்கிறோம்.

*

கதையின் பின்புலம் உண்மை. அதில் சந்தேகமில்லை. லிட்டன் வைஸ்ராயாக இருந்த 1878ஆம் வருடம் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று இந்திய மொழிப் பத்திரிகைகளை அடக்கும் சட்டம், மற்றொன்று ஆயுதச் சட்டம். பேனாவுக்கும் துப்பாக்கிக்கும் ஒரே வருடத்தில் பூட்டு. ஆயுதச் சட்டப்படி இந்தியன் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும். ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் விதிவிலக்கு. ஒரே தெருவில் இருக்கும் இரண்டு பேரில் ஒருவர் தோலின் நிறத்தால் உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம், மற்றவர் வைத்தால் குற்றம். 1887இல் சென்னையில் பத்ருதீன் தியாப்ஜி தலைமையில் மூன்றாவது காங்கிரஸ் கூடியபோதே இதைத் தளர்த்தச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள். பிறகு வருடாவருடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முதல் உலகப்போருக்கு ஆள் சேர்க்கப்போன காந்தியே, ஒரு தேசத்தின் கையிலிருந்து ஆயுதத்தைப் பிடுங்கிய அந்தச் சட்டத்தைக் கடுமையாகக் கண்டித்திருக்கிறார்.

இந்தச் சட்டத்துக்கு நம் பக்கத்தில் ஒரு ஓட்டை இருந்தது. அதன் பெயர் புதுச்சேரி. பிரெஞ்சு எல்லைக்குள் பிரிட்டிஷ் இந்தியச் சட்டம் செல்லாது. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் 1879இலேயே வந்துவிட்டது. ஆயுதச் சட்டத்துக்கு அடுத்த வருடம். திண்டிவனத்திலிருந்து வண்டிகட்டிப் புறப்பட்டால் ஒரு பகலுக்குள் எல்லை. 1908இல் பாரதி போனார். 1910இல் அரவிந்தர் போனார், அதே வருடம் ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்த வ.வே.சு. ஐயர் போனார். பிரிட்டிஷ் ரகசியப் போலீசும் பின்னாலேயே போய் வாடகைக்கு வீடெடுத்து உட்கார்ந்தது. 1911 ஜூன் 17 காலை, மணியாச்சி சந்திப்பில் நின்றிருந்த ரயில் பெட்டியில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டார். பிறகு தன்னையும் சுட்டுக்கொண்டார். அதற்குச் சில மாதங்கள் முன்பு அவர் புதுச்சேரியில் ஐயரிடம் குறிபார்க்கப் பழகியிருந்தார். இவையெல்லாம் வழக்கிலும் அரசு அறிக்கைகளிலும் பதிவானவை.

அவர் கையில் இருந்தது பெல்ஜியத் தயாரிப்பான பிரௌனிங் கைத்துப்பாக்கி. முன்பு நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன பெயர் இங்கே வருகிறது. அமெரிக்காவில் யூட்டா மாகாணத்தின் ஆக்டன் என்ற ஊரில் 1855இல் பிறந்த அதே ஜான் பிரௌனிங். நீண்ட காலம் வின்செஸ்டருக்கு வடிவமைத்துக் கொடுத்தார். பிறகு பணப்பேச்சில் மனம் கசந்து விலகினார். பெல்ஜியத்தின் எஃப்.என். ஆலைக்குக் கைத்துப்பாக்கிகள் வடிவமைத்தார். 1926இல் அந்த ஆலையில் இருக்கும்போதே இறந்தார். ஆக, மணியாச்சியில் வெடித்ததும் திண்டிவனத்துத் தோல் பெட்டியில் தூங்குவதும் ஒரே மூளையின் பிள்ளைகள். இதைக் கண்டுபிடித்த அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. கதை உண்மையாகவே இருந்துவிடுமோ என்று தோன்றியது. நீளமான ரைபிளை யார் சுங்கச்சாவடி தாண்டிக் கடத்துவான் என்று கேட்டால், இதோ இரண்டாகக் கழற்றும் வகை. மாட்டு வண்டியில் வைக்கோலுக்கடியில் பெட்டி. எல்லாம் பொருந்துகிறது.

எல்லாம் பொருந்தும்போதுதான் பயப்பட வேண்டும். பெயர் ஒன்றாக இருப்பது சாட்சியம் ஆகாது. வாஞ்சியின் கூட்டத்தார் பழகியது கைத்துப்பாக்கியில். மடியில் மறைக்க வேண்டியவனுக்குப் புலியடிக்கும் ரைபிள் எதற்கு?

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் பஸ் ஏறினேன். திண்டிவனம் என்ற பெயர் திந்திரிணி வனத்திலிருந்து வந்தது என்பார்கள், புளியங்காடு. இன்று புளியமரத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். சார் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். பெட்டியை எடுத்து வந்து வைத்தார்.

"பாரு, 1895ன்னு போட்டிருக்கு. அப்ப 1911க்கு முன்னாடி செஞ்சதுதானே" என்றார். உலோகத்தின்மேல் 1895 என்ற எண்ணும் அதே வருடம் நவம்பர் 5 என்ற தேதியும் பொறித்திருந்தன. பழைய துப்பாக்கி வாங்குகிற பலரும் வழுக்கி விழும் இடம் இது. 1895 என்பது மாடலின் பெயர். நவம்பர் 5 காப்புரிமை பெற்ற தேதி. கடைசியாகச் செய்த ரைபிளிலும் அதே தேதிதான் இருக்கும். தீப்பெட்டிமேல் இருக்கும் கம்பெனி ஆரம்பித்த வருடம்போல. செய்த காலத்தைச் சொல்வது வரிசை எண். அது கீழ்ப்பக்கத்தில் சின்னதாக இருக்கும். எண்ணெயும் அழுக்கும் அடைந்து கிடந்தது. சார் வீட்டம்மா ஒரு பழைய வேட்டித்துணியும் மண்ணெண்ணெயும் கொண்டுவந்து கொடுத்தார். துடைத்தேன். ஆறு இலக்கம். நான்கு லட்சத்துப் பதினெட்டாயிரத்துச் சொச்சம்.

எனக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. கணக்கு வாத்தியாரிடம் கணக்காகவே சொல்லிவிடலாம் என்று தீர்மானித்தேன்.

"சார், இந்த மாடல் மொத்தமா செஞ்சது ஏறக்குறைய நாலு லட்சத்து இருபத்தாறாயிரம். எல்லாத்துக்கும் ஒரே வரிசையில நம்பர். முதல் உலகப்போர்ல ரஷ்ய ராணுவத்துக்குத் துப்பாக்கி பத்தல. 1915லேர்ந்து 17க்குள்ள வின்செஸ்டர்கிட்ட இந்த மாடலையே ஆர்டர் பண்ணி வாங்கினாங்க. கிட்டத்தட்ட ரெண்டு லட்சத்துத் தொண்ணூத்தி நாலாயிரம்."

சார் ஒன்றும் பேசவில்லை. நாள்காட்டியில் கிழித்த தாள் ஒன்றை எடுத்தார். பின்பக்கம் பென்சிலால் 4,26,000 என்று எழுதினார். அடியில் 2,94,000. கோடு போட்டார். 1,32,000.

"ரஷ்யாக்காரனுக்குப் போனத எடுத்துட்டா மீதி மொத்தமே இவ்வளவுதான்" என்றார் மெல்ல. "1911ல செஞ்சிருந்தா, அதுக்கு முன்னாடி ரஷ்யா ஆர்டர் ஒண்ணுகூட இல்ல. அப்ப நம்பர் இதுக்குள்ளதான் இருக்கணும்." பென்சிலை ரைபிளின் எண்ணுக்கும் தாளின் எண்ணுக்கும் மாற்றி மாற்றிக் காட்டினார். "இது நாலு லட்சத்துக்கு மேல இருக்கு. அப்ப யுத்தத்துக்கு அப்புறம்தான் செஞ்சது. வேற வழியே இல்ல." விடையை நான் சொல்லவில்லை. அவரேதான் போட்டார். விடைக்கு அடியில் பழக்கதோஷத்தில் இரண்டு கோடும் இழுத்தார்.

*

அப்படியென்றால் அது எப்படி இந்த வீட்டுக்கு வந்தது? பெட்டியின் மூடிக்கடியில் துணியில் சுற்றிய ஒரு கட்டு இருந்தது. பழைய உரிமச் சீட்டுகள். ஆரம்பகாலத்தவை முப்பதுகளில் கடலூரில் கொடுத்தவை. அன்றைக்கு நம் பகுதி தென்னார்க்காடு ஜில்லா, கலெக்டர் இருந்தது கடலூர் மஞ்சக்குப்பத்தில். விழுப்புரம் தனி மாவட்டமானது 1993இல்தான். சீட்டில் சாரின் அப்பா பெயருக்குப் பின்னால் கிராம முன்சீப் என்று இருந்தது. இந்தக் கட்டைச் சார் பார்த்ததே இல்லையா என்று கேட்டேன். "பார்த்திருக்கேன். படிச்சதில்ல" என்றார்.

அந்த ஒரு பதவியில் மீதிக்கதை முழுக்க இருக்கிறது. 1920 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் ஆயுதச் சட்டத்தில் இருந்த நிறவேற்றுமையை எடுத்தன. ஏறத்தாழ முப்பது வருடத்துக்குமேல் காங்கிரஸ் கேட்டுக்கொண்டிருந்தது அது. காகிதத்தில் எல்லோரும் சமம். ஆனால் உரிமம் தருவதும் மறுப்பதும் கலெக்டர் விருப்பம். நிலமும் செல்வாக்கும் சர்க்காரின் நம்பிக்கையும் உள்ளவர்களுக்கே அது எட்டியது. கிராம முன்சீப் என்றால் வரி வசூலிப்பவர், ஊரில் குற்றம் நடந்தால் மேலே எழுதுபவர். வெள்ளை சர்க்காருக்கு ஊரில் இருந்த கண். பரம்பரையாக வந்த அந்தப் பதவியை 1980இல் எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தது. அதுவரை அது இருந்தது.

.405 என்ற எண்ணும் அதே கதையைத்தான் சொல்கிறது. மார்ட்டினி ஹென்றி என்று இன்னொரு லீவர் ரைபிள் உண்டு. ஒருமுறைக்கு ஒரு தோட்டாதான். 1871இல் பிரிட்டிஷ் படை ஏற்றுக்கொண்டது. அதன் தோட்டா .450 அளவு. படையில் பழசாகிப்போன அந்த ரைபிள்கள் எல்லைப்புறங்களில் கலகக்காரர் கையில் நிறையச் சேர்ந்துவிட்டன. வேட்டைக்காரருக்கென்று வரும் .450 தோட்டாக்களும் அவர்களிடம் போய்ச் சேரும் என்று அஞ்சி, 1907ஐ ஒட்டி அந்த அளவையே இந்தியாவுக்குள் தடைசெய்தார்கள். லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் இந்தியச் சந்தையைக் காப்பாற்றிக்கொள்ள .465, .470, .475 என்று புதிது புதிதாக அளவுகள் கண்டுபிடித்ததற்குக் காரணம் இந்தத் தடை. ராணுவத்தின் .303க்கும் பொதுமக்களிடம் அதே கதிதான். இன்றும் அது தடைசெய்யப்பட்ட அளவு. நம் அரசு ஆலைகள் பொதுமக்களுக்கு .315 செய்து விற்பதன் பின்னணியும் அதுதான். எந்த ராணுவமும் பயன்படுத்தாத .405 யாருக்கும் பயமில்லாத அளவு. கலகக்காரனுக்குப் பயன்படாது என்று சர்க்கார் நம்பிய ரைபிளைத்தான் சர்க்கார் நம்பிய மனிதருக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

சீட்டுகளை வரிசையாக அடுக்கிவிட்டு நிமிர்ந்தேன். சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப எங்கப்பா வெள்ளக்காரன் ஆளுன்னு சொல்றியா?"

இதற்கு நான் தயாராக வந்திருக்கவில்லை. இல்லை சார் என்று உடனே சொல்லியிருக்கலாம். அது பொய்யாக இருக்கும். ஆமாம் என்று சொன்னாலும் முழு உண்மை ஆகாது. "அவர் முன்சீப் சார். முன்சீப் என்ன செய்யணுமோ செஞ்சிருப்பார். ஒண்ணு மட்டும் இந்தச் சீட்ட பார்த்தா தெரியுது. அவர் எதையும் ஒளிச்சுவைக்கல. பேரோட, நம்பரோட, வருஷாவருஷம் எழுதிக்கிட்டுதான் வச்சிருந்தார்" என்றேன்.

"பின்ன ஏன் எங்கிட்ட அந்தக் கதைய சொன்னாரு?"

"எப்ப சொன்னார்?"

கொஞ்சம் யோசித்தார். "சுதந்திரம் வந்த புதுசுல. எனக்கு அஞ்சாறு வயசு."

இருவரும் அதற்குமேல் பேசவில்லை. 1947க்குப் பிறகு இந்தத் தேசத்தில் எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பொருள்கள் இப்படிப் புதுக்கதை பெற்றிருக்கும். நேற்றுவரை சர்க்காரின் ஆளாக இருந்த மனிதர் தன் சின்னப் பையனிடம் என்ன சொல்லியிருக்க முடியும்? அவரை நான் குறைசொல்லமாட்டேன். அந்தக் கதைக்கு விலை போட்டு வாங்குவதற்கும் என்னால் முடியாது.

*

கதை போனபிறகும் ரைபிள் இருக்கிறது. .405, கழற்றும் வகை, அரிது. கதையில்லாத விலைக்கு வாங்கலாமா என்று பஸ்ஸில் திரும்பும்போது மனதில் ஓடியது. அதையும் நேர்மையாக எழுதிப் பார்த்தேன்.

பெட்டியில் மீதி இருந்தவை ஏழு தோட்டாக்கள். பித்தளை பச்சைபிடித்துப்போய். வெடிக்குமோ தெரியாது, வெடித்தால் எந்தப் பக்கம் என்றும் தெரியாது. இரண்டாம் உலகப்போருக்குள் இந்த மாடலைச் செய்வது நின்றுவிட்டது, பிறகு தோட்டாவும் நின்றது. 2000த்தை ஒட்டி அமெரிக்காவில் இரண்டுக்கும் மறுஜென்மம் கிடைத்தது. பழைய பெயரில் புது ரைபிள்கள் ஜப்பானில் செய்யப்பட்டு அங்கே விற்கின்றன. அது அவர்கள் ஊர். இங்கே தனியாள் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்வது எண்பதுகளிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. இந்தியாவில் பழைய வெளிநாட்டு ரைபிள்களுக்கு இருக்கும் விலை அந்தப் பஞ்சத்தால் வந்தது. சென்னையில் எனக்குத் தெரிந்த கடையில் .405 தோட்டா கேட்டேன். சிரித்தார்கள்.

தோட்டா கிடைத்தாலும் எதைச் சுட? 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆண்டர்சனின் உலகம் அன்றோடு முடிந்தது. முடிய வேண்டியதுதான். மரக்காணம் பக்கத்துக் கழுவேலி 2021இலிருந்து பறவைகள் சரணாலயம். என் கொல்லைக்கு வரும் பன்றிக்கு ஒற்றைக்குழலின் சத்தமே போதும். சிங்கத்துக்குச் செய்த தோட்டா எதற்கு?

மிச்சம் இருப்பது வைத்திருக்கும் சிரமம். ஐந்து வருடத்துக்கொருமுறை புதுப்பித்தல். ஒவ்வொரு தேர்தலுக்கும் ஸ்டேஷனில் ஒப்படைத்து, முடிவு வந்தபிறகு போய்க் கெஞ்சி வாங்குதல். சாரைக் களைப்பாக்கியதே அதுதான். இதெல்லாம் இருந்தும் வாங்கலாம் என்றுதான் இரண்டு நாள் நினைத்தேன். காரணம், யாரும் எடுக்காவிட்டால் அது ஸ்டேஷனுக்குப் போகும், அங்கிருந்து ஆயுதக் கிடங்குக்கு. அப்படிப் போன எதுவும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. நூறு வருடம் எண்ணெய் போட்டுத் துடைத்த பொருள் உலையில் உருகுவதை நினைக்கச் சங்கடமாக இருந்தது.

என்னைத் தடுத்தது அந்தச் சீட்டுக் கட்டு. நான் ரைபிளை வாங்கினால் உரிமம் என் பெயருக்கு மாறும். கட்டு சார் வீட்டிலேயே கிடக்கும், அடுத்த வெள்ளையடிப்பில் குப்பைக்குப் போகும். எங்கள் வாட்ஸப் குழுவில் அது வாஞ்சியின் ரைபிளாகவே இருக்கும். இப்போது என் வீட்டில். நான் எத்தனைமுறை மறுத்தாலும் என் பேரன் காலத்தில் மறுப்பு மறைந்து கதை மட்டும் நிற்கும். சாரின் அப்பா செய்ததை நானும் செய்தவன் ஆவேன், தெரிந்தே.

2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளில் இருபத்தைந்தாவது விதி ஒன்று இருக்கிறது. உரிமம் வைத்திருப்பவருக்கு எழுபது வயது ஆகிவிட்டாலோ, துப்பாக்கியை இருபத்தைந்து வருடம் வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே தன் வாரிசு ஒருவரைக் குறிப்பிட்டு அவருக்கு உரிமம் கேட்கலாம். சாருக்கு இரண்டு தகுதியும் உண்டு. ஒரே மகள், விழுப்புரத்தில் பள்ளிக்கூடத்தில் வேலை. அவரிடம் யாரும் கேட்டதே இல்லை. துப்பாக்கி ஆம்பளைப் பொருள் என்று சார் நினைத்திருக்கிறார், நானும்தான்.

நான் போய்க் கேட்டேன். சீட்டுகளையும் நாள்காட்டித் தாளையும் காட்டினேன். எல்லாவற்றையும் பொறுமையாகப் படித்தார். "தாத்தா முன்சீப்புன்னு தெரியும் அண்ணே. அப்பா அத வெளிய சொல்லமாட்டாரு" என்றார். பிறகு, "என்னென்ன ஃபாரம்?" என்று கேட்டார். பயிற்சிச் சான்றிதழ், மருத்துவச் சான்றிதழ், போலீஸ் விசாரணை என்று வரிசையாகச் சொன்னேன். ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். உரிமம் கிடைக்குமா என்பது கலெக்டர் கையில். அந்த ஒரு விஷயம் 1878இலிருந்து மாறவில்லை.

சாருக்குப் போன் செய்து நான் வாங்கவில்லை என்று சொன்னேன். கொஞ்சநேரம் சத்தமில்லை. பிறகு, "விலைய குறைச்சுக்கலாம்னு நெனச்சேன்" என்றார்.

"விலைக்காக இல்ல சார்."

"தெரியுதுடா" என்றார். "அந்தக் கணக்குத் தாளை எங்க வச்ச?"

"உங்க பொண்ணுகிட்ட இருக்கு. சீட்டோட சேர்த்துக் கட்டி வச்சிருக்காங்க."

"இருக்கட்டும்" என்றார்.